தலையை எண்ணுவதா, கணினியை எண்ணுவதா?

அலோர் காஜாவில் 15 பேர் வேலை செய்யும் லாரி நிறுவனம் ஒன்று முதல் சர்வரை வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மின் விலைப்பட்டியல் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்குத் தொடங்கிய விதி, 2025 ஜூலையில் 50 லட்சத்தைத் தாண்டியவர்கள் வரை இறங்கியது. இனிக் கணக்கை ஒருவருடைய மடிக்கணினியில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

விலைக்குறிப்பில் 'விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட்' என்று ஒரு வரி இருக்கும். செலவு அதோடு முடிந்தது என்று முதலாளி நினைப்பார். 2016 பதிப்பிலிருந்து இந்த உரிமம் புராசஸருக்குள் இருக்கும் கோர்களின் எண்ணிக்கைப்படி விற்கப்படுகிறது. 8 கோர் உள்ள சின்ன இயந்திரமாக இருந்தாலும் குறைந்தது 16 கோருக்குப் பணம் கட்டியாக வேண்டும். அதற்கு மேல், சர்வரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் 'சிஏஎல்' எனப்படும் அணுகல் உரிமம் தனி. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சிஏஎல்லில் இரண்டு வகை: ஆளுக்கு ஒன்று, அல்லது கணினிக்கு ஒன்று. ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளைப் போல மூன்று ஷிஃப்டில் 30 பேர் 10 கணினிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடத்தில், கணினிக்கணக்கில் வாங்கினால் 10 போதும். ஆள்கணக்கில் 30 வேண்டும். நம் லாரி நிறுவனத்தில் ஒருவரே மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றிலும் நுழைகிறார் என்றால் கணக்கு தலைகீழ். விற்பவர் இதைக் கேட்காமல் விலை சொன்னால், நாமே கேட்டுவிட வேண்டும்.

ஜாசினில் இருக்கும் கணக்காளர் வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வரில் வேலை செய்கிறாரா? அதற்கு இன்னொரு சிஏஎல் உண்டு. முதல் 120 நாள் அது இல்லாமலும் ஓடும். அந்தச் சலுகை முடிந்ததும் கதவு சாத்தப்படும். மாதக் கடைசியில் சாத்தப்பட்டால் அலுவலகத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாது.

இணையத்தில் சொற்ப விலைக்கு 'கீ' கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு திருட்டுப் பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்த எண்ணிக்கையே வேண்டாம் என்றால் லினக்ஸ். டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் உரிமக் கட்டணம் இல்லை, சிஏஎல்லும் இல்லை. மலேசிய அரசாங்கமே 2004இல் மாம்பு என்ற தன் நிர்வாக நவீனமயப் பிரிவு வழியாகத் திறந்தமூல மென்பொருள் திட்டம் வகுத்தது. ஆனால் கணக்கு மென்பொருள் எதில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். இங்கே பலர் வைத்திருக்கும் ஆட்டோகவுண்ட் விண்டோஸை நம்பியது. அடுத்தது, பார்த்துக்கொள்ள ஆள். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் யுடெம் பல்கலைக்கழகம் இருக்கும் மலாக்கா மாநிலத்தில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பட்டம் வாங்கியதும் சிங்கப்பூருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

இலவசத்துக்கும் ஆயுள் உண்டு. 2029 வரை வரும் என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ், 2021 டிசம்பர் 31இல் நிறுத்தப்பட்டது. நம்பியவர்கள் ராக்கி, அல்மா என்ற வேறு லினக்ஸ்களுக்கு இடம் மாறினார்கள். விண்டோஸ் சர்வர் 2012க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10 வரை. 2016க்கு 2027 ஜனவரி 12 வரை. 'மலிவாகத் தருகிறேன்' என்று ஒருவர் பழைய சர்வரைக் காட்டினால், அதில் எந்த ஆண்டுப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்த பிறகு பேரம் பேசலாம்.