அச்சு முறியாதிருக்க

மயிலிறகினும் இலேசான பண்டம் அரிது. அதனையும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். அரசர்க்கென்று சொன்ன உவமை அது. ஆயினும் சென்ற விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் தென்னந்தோப்பிலேயே அது மெய்யாகிவிடக் கண்டோம்.

அங்கே எங்கள் தம்பி 15 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர் ஒன்றை ஓட்டி வருகிறான். நாங்கள் இங்கிருந்து சிறுகச் சிறுக அனுப்பிய பணத்தில் பழையதாக வாங்கியது. மழைக்குப்பின் ஈர மண்ணில் உழும்போது பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. பாரம் போதவில்லை என்று கண்ட தம்பி, கலப்பைச் சட்டத்தின்மேல் கான்கிரீட் கட்டிகளையும் மணல் மூட்டைகளையும் ஏற்றிக் கட்டினான். சுழற்சி நின்றது, உழவும் நடந்தது. பத்தாம் நாள் வலப்பக்கத்து அச்சுத்தண்டு முறிந்தது. ஆளுக்கு அபாயம் ஒன்றும் நேரவில்லை. ஆனால் பருவத்து உழவு தவறியது. பழுதுபார்த்த செலவு, நாங்கள் அனுப்பும் இரண்டு மாதப் பணத்தை விழுங்கிற்று.

ஊரில் இத்தகைய டிராக்டர் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆதலின் நாங்கள் பட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

பின்னச்சு இருவகைத் துன்பத்துக்கு உள்ளாகிறது. ஒன்று வளைவு, மற்றொன்று முறுக்கு. வண்டியின்மேல் ஏற்றும் பாரம் அச்சின் வழியாகவே சக்கரத்துக்கு இறங்குவதால் அச்சை வளைக்கிறது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரமோ இன்னும் கொடியது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 150 செ.மீ. தூரம் என்று கொள்வோம். பின்னச்சுக்கு 60 செ.மீ. பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், முன்சக்கரத்தின்மேல் இருந்த 40 கிலோவும் பின்னே சாய்கிறது. ஆக, பின்னச்சு சுமப்பது 140 கிலோ. முன்பக்கம் இலேசாகிச் சுக்கானுக்கும் அடங்காமற் போகும்.

சக்கரத்திலேயே பூட்டும் இரும்புப் பாரமும், டயருக்குள் நிரப்பும் தண்ணீரும் அவ்வாறல்ல. அவற்றின் பாரம் நேரே தரைக்குச் செல்லும்; அச்சை வளைக்காது. வால்வு உச்சியில் இருக்குமாறு சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை தண்ணீர் நிரப்பினால் டயரில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிறையும். மிச்சமுள்ள காற்று அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் உறையும் குளிர்நாடுகளில் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பார்கள். அது கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். நம் சமவெளிக்கு வெறும் தண்ணீரே போதும்.

ஆனால் முறுக்கினின்று தப்ப இதுவும் வழியாகாது. பின்சக்கரங்களின்மேல் 400 கிலோ பாரம் இருந்து, மண்ணின் பிடிப்பு அதில் பாதி என்றால், 200 கிலோ விசைக்குமேல் இழுக்க முயலும்போது சக்கரம் சறுக்கிவிடும். மேலும் 200 கிலோ சேர்த்தால், 300 கிலோ விசை வரை சறுக்காது. இழுவை ஒன்றரை மடங்கு. அச்சின் முறுக்கும் ஒன்றரை மடங்கு. சறுக்கல் என்பது வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போன்றது. அதை முற்றும் அடைத்துவிட்டால், அடுத்து முறிவது அச்சும் பல்சக்கரமுமே.

அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. டயரில் சுண்ணாம்பால் குறியிடுக. கலப்பையைத் தூக்கியபடி, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளந்துகொள்க. பின் உழுதுகொண்டே அதே தூரம் செல்க. பதினொன்று முதல் பதினொன்றரைச் சுற்று ஆனால் பாரம் சரி. பத்தரைக்கும் குறைந்தால் பாரம் மிகுதி, எடுத்துவிடுக. பன்னிரண்டைத் தாண்டினால் சிறிது சேர்க்கலாம். ஆனால் டிராக்டருடன் தந்த கையேட்டில் குறித்த உச்ச அளவைக் கடத்தலாகாது. அதற்கு மேலும் சறுக்கினால், கலப்பையின் ஆழத்தைக் குறைப்பதே அறிவுடைமை. ரோட்டவேட்டரோ வண்டியைத் தானே முன்னுக்குத் தள்ளுவது. அதற்காக இழுவைப் பாரம் தேட வேண்டியதில்லை.

இன்னும் சில எச்சரிக்கைகள். கிளட்சைச் சட்டென்று விடலாகாது. டிஃபரன்ஷியல் லாக்கைப் பூட்டியிருக்கும்போது, ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் முறுக்கு முழுவதும் மற்றொரு தண்டின்மேல் விழும். ஆதலின் சேற்றைக் கடந்தவுடன் விடுவித்துவிடுக, பூட்டியபடி திருப்பவும் வேண்டா. அச்சு முனையில் எண்ணெய் கசிந்தாலோ, சக்கரம் ஆடினாலோ அன்றைய உழவை நிறுத்திப் பேரிங்கைப் பார்ப்பிக்க வேண்டும்.

தம்பி இப்போது டயரில் தண்ணீர் நிரப்பி, ஆழம் குறைத்து இருமுறை உழுகிறான். டீசல் சற்றுக் கூடுதலாகிறது என்று எழுதியிருக்கிறான். ஆகட்டும் என்று நாங்கள் பதில் எழுதினோம். முறிந்த அச்சுத்தண்டு தோப்பு வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதை எடைக்குப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறோம்.