வெள்ளவத்தை மணலும் உருளைக்கிழங்கும்

உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். சலாதுக்கு ஏற்ற கிழங்கு வேறு. அதில் மாப்பொருள் குறைவு. அவித்து நறுக்கினாலும் உதிர்ந்து மாவாகாது. வெங்காயமும் மிளகும் தேசிப்புளியும் கூட்டிப் பிசறும்போதும் வில்லை வில்லையாகவே நிற்கும். தோல் தடிக்குமுன் கிண்டி, அன்றே அவித்து உண்ண வேண்டிய பொருள் அது. ஐரோப்பியர் தம் வீட்டுக் கொல்லையில் இதற்கென ஒரு பாத்தியேனும் ஒதுக்கி வைப்பது இதனாலேதான்.

இவ்வாசை கொழும்பிலும் எழுவதுண்டு. 2022ஆம் ஆண்டு நாடு உணவுக்குத் தவித்தபோது, அரசாங்க ஊழியர் பயிர் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கு விடுமுறை தரும் ஏற்பாடு யூன் மாதத்தில் வந்தது. முற்றமுள்ள வீடுகளில் மண்வெட்டி ஓசை கேட்ட காலம் அது. எங்கள் ஒழுங்கையில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் முளைவிட்ட சந்தைக் கிழங்குகளை உரப்பைகளில் நட்டார். செடிகள் கண்பட்டுவிடுமோ என்னும்படி தழைத்தன. மூன்றாம் மாதம் பைகளைக் கவிழ்த்தபோது போளையளவில் ஏழெட்டுக் கிழங்குகளே உருண்டன.

“தம்பி, உரம் போதவில்லைப் போலும்” என்றார் அவர்.

உரத்தின் குறையன்று அது, குளிரின் குறை. உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உருவாவது. பகலில் இலை சமைக்கும் உணவு கீழிறங்கி அங்கே சேர வேண்டும். வெப்பம் மிகுந்தால், செடி தான் சமைத்ததிற் பெரும்பகுதியைத் தன் மூச்சுக்கே செலவிட்டுவிடும். கிழங்கு கட்டும் ஏவலும் தளர்ந்துபோகும். அதற்கு உகந்த வெப்பம் 15 முதல் 20 பாகை. கொழும்பிலோ பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. தென்னமெரிக்க அந்தீசு மலைகளிற் பிறந்த பயிருக்கு நுவரெலியாவும் வெலிமடையும் ஒத்துப்போவதன் இரகசியம் இதுவே. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் மாரி மழை ஓய ஓய நட்டு, பங்குனி வெயில் ஏறுமுன் கிண்டிவிடுவர். ஆண்டின் ஒரு குறுகிய இடைவெளியை அவர்கள் கண்டுபிடித்துக் கொண்டார்கள்; அது பெரிய கெட்டித்தனம்.

வெள்ளவத்தை என்ற பெயருக்கே மணற்றோட்டம் என்று சிங்களத்தில் பொருள் கூறலாம். நீர் தேங்காத மணல் கிழங்குக்கு நல்லதுதான். ஆனால் மணல் விரைவிற் சுடும். விடாப்பிடியாக முயல்வோர் மார்கழியில் நட்டு, பிற்பகல் நிழல் விழும் இடம் பார்த்து, வைக்கோலால் மண்ணை மூடுக. ஒரு வேளைச் சலாதுக்குக் கிடைக்கலாம். வெயில் பட்டுப் பச்சையேறிய கிழங்கை மாத்திரம் உண்ணலாகாது, அது நஞ்சு.

என்னைக் கேட்டால், இம்மண்ணுக்கு இன்னலையே உரியது என்பேன். தமிழகத்தார் சிறுகிழங்கு என்று கூறுவர். இதுவும் வந்தேறிதான், தாயகம் வெப்ப ஆபிரிக்கா என்பர். துளசிக்கு உறவு, அவிக்கும்போதெழும் மணமே அதைச் சொல்லிவிடும். உருளைக்கிழங்குச் செடியை வருத்தும் வெக்கை இதற்குப் பழகிய காற்று. கிழங்கை முளைக்கவைத்து, எழுந்த கொடியைச் சாண் அளவில் நறுக்கி நட்டால் நாலைந்து மாதத்திற் பலன் தரும். தண்டின் அடியில் மண் அணைத்துக் கொண்டே வர வேண்டும். அவித்த பின்னும் குலையாது. சலாதுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தோல் உரிப்பதுதான் தொல்லை, விரல்கள் கறுத்துவிடும். முரட்டுச் சாக்கிலே கிழங்கைக் கட்டி, நிலத்தில் நாலு தரம் அடித்துத் தேய்த்தாற் பெரும்பகுதி கழன்றுவிடும். முற்றமே இல்லாத கொட்டாஞ்சேனை மாடிவீடுகளிலும், வெயில் விழும் படிக்கட்டோரம் அகன்ற சாக்கொன்றில் ஐந்தாறு கொடிகளை நட இடமிருக்கும்.