கற்றுக்கொள்ளும் காலத்துக்குக் கூலி தருவது யார்?

என் தங்கையின் பேத்தி கட்டடக் கலையில் ஐந்தாண்டு பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஓராண்டாகப் பணிபுரிகிறாள். அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஊதியம் போதுமானதாக இருக்கிறதா என்று கேட்டேன். விடுதி வாடகையும் பேருந்துச் செலவும் போக மிஞ்சுவது மடிக்கணினித் தவணைக்கே சரியாக இருக்கிறது என்றாள். பிறகு, "அதுகூடப் பரவாயில்லை தாத்தா, அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்து செய்த முப்பரிமாணப் படத்தை இப்போது சாரே அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்" என்றாள்.

குறைந்த ஊதியம், ஆள் எடுக்காமை ஆகிய இரண்டையும் ஒரே நோயின் அறிகுறிகளாகப் பலரும் பேசுகின்றனர். தொழிலாளர் பொருளாதாரத்தை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், இவை வேறு வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைந்த ஊதியத்துக்கு அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில் விளக்கம் இருக்கிறது. எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத் திறனை ஓர் இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கும் செலவை எந்த முதலாளியும் ஏற்க மாட்டார்; கற்றவர் மறுநாளே வேறிடம் போய்விடலாம் அல்லவா? எனவே, கற்பவரே குறைந்த ஊதியத்தைப் பெற்றுக்கொள்வதன் மூலம் அந்தச் செலவைச் சுமக்கிறார். பின்னாளில் 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரான பி.வி. தோஷி, பாரிஸில் லெ கார்பூசியேயிடம் சேர்ந்த தொடக்க மாதங்களில் ஊதியமின்றியே உழைத்தார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளால் அப்படி உழைக்க முடியாது என்பது இந்த ஏற்பாட்டின் பெரும் குறை. ஆயினும் அது ஓர் ஒப்பந்தம். இளைஞர் தம் வரைவு உழைப்பைக் கொடுத்தார். மூத்தவர் தொழிலைக் கொடுத்தார்.

கணினி வந்தபோதும் இந்த ஒப்பந்தம் முறியவில்லை. 1982-இல் ஆட்டோகேட் மென்பொருள் அறிமுகமானது. வரைபலகையும் டிரேசிங் தாளும் மெல்ல மறைந்தன. ஆனால், அந்த மென்பொருளை இயக்க மூத்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அதனால் இளைஞரின் மதிப்பு கூடியது என்றே சொல்லலாம். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு மென்பொருள் பயிற்சி தேவையில்லை. வேண்டியதை ஒரு வாக்கியமாகச் சொன்னால் போதும். பயிற்சிக் கட்டணமாக இளைஞர் எதைச் செலுத்தி வந்தாரோ, அந்த நாணயமே செல்லாமல் போகிறது.

இயந்திரங்கள் தொழிலாளருக்கும் நன்மையே செய்யும் என்று முதலில் நம்பிய டேவிட் ரிக்கார்டோ, 1821-இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் ஒரு தனி அத்தியாயத்தைச் சேர்த்து அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். பொருளியலாளர்கள் தம் தவறை ஒப்புக்கொள்வது அரிது என்பதால் இதை வகுப்பில் விரும்பிச் சொல்வேன்.

மாடிப்படி ஒன்றை வரையும் இளைஞர், படியின் உயரம், அகலம், மேலே வரும் உத்தரத்தில் தலை இடிக்குமா என்பவற்றை வரையும்போதே கற்கிறார். கருவி தரும் அழகிய படத்தில் கழிவுநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்பது இராது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, நூறு கழிவறைகளையாவது முன்பு வரைந்த கண் வேண்டும். ஓர் அலுவலகம் புதியவர்களை எடுக்காமல் மிச்சப்படுத்தலாம். எல்லா அலுவலகங்களும் அப்படியே செய்தால், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பிழை திருத்தும் மூத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இலாபம் தனியாருக்கும் இழப்பு தொழிலுக்கும் என்ற இந்நிலையைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம்.

சட்டமும் இளைஞருக்குப் பெரிய அரணாக இல்லை. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைத்தான் காக்கிறது. அந்தப் பணியைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நம் ஊர்களில் வீடு கட்டுவோர் பெரும்பாலும் மேஸ்திரியையோ பொறியாளரையோதான் நாடுகின்றனர். தமிழ்நாட்டில் 2024 முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களின் அலைச்சலைக் குறைக்கும் இத்திட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால், அனுமதி வரைபடத்தை மட்டும் நம்பிப் பிழைக்க நினைக்கும் இளங்கலைஞருக்கு அந்தக் கதவும் குறுகிவிட்டது.

கட்டுமானச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் கேட்பதும் இனி எளிதன்று. கைப்பேசியிலேயே பத்து முகப்புப் படங்களைப் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர், படத்துக்கு எதற்குப் பணம் என்பார். படத்துக்கு அப்பால் உள்ளவற்றுக்கு, அதாவது களத்தில் நின்று முடிவெடுப்பதற்கு, அவர் பணம் தருவார். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கொத்தனார்களோடு நின்றுதான் கட்டினார். மேற்குச் சுவரின் வெப்பம், மழைநீர் ஓடும் வாட்டம், பழைய கட்டடத்தின் விரிசல் ஆகியவற்றை நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதைக் கற்பதற்கும் காலமும் பணமும் தேவை.

அந்தப் பணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்பதில் தவறில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பட்டதாரிப் பழகுநர்களின் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது. ஆனால், விதிகள் நான்கு பேராவது பணிபுரியும் நிறுவனங்களையே கணக்கில் கொள்கின்றன. கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களோ பல இடங்களில் ஒருவர், இருவரோடு முடிந்துவிடுகின்றன. ஒரு நகரிலுள்ள சிறு அலுவலகங்கள் கூட்டாகப் பழகுநர்களை அமர்த்திக்கொள்ளவும், உள்ளாட்சிகள் தம் பழைய பள்ளி, மருத்துவமனைக் கட்டடங்களை அளந்து ஆவணப்படுத்தும் பணியில் அவர்களை ஈடுபடுத்தவும் வழி செய்யலாம். கட்டடக் கலைக் கழகமும் மாநில அரசும் கூடிப் பேசினால் முடியக்கூடியதே.

பேத்தி இப்போது சனிக்கிழமைகளில் தாம்பரம் அருகே ஒரு கட்டுமானக் களத்துக்குப் போகிறாளாம். ஜன்னல் மேல் சன்ஷேடின் அடியில் ஒரு சிறு பள்ளம் விட்டால்தான் மழைநீர் சுவரில் வழியாது என்று அங்கிருக்கும் மேஸ்திரி காட்டியதாகச் சொன்னாள். அலுவலகத்தில் அதற்குப் படி ஏதேனும் தருகிறார்களா என்று கேட்டேன். "இல்லை தாத்தா, பேருந்துக் கட்டணம்கூட என்னுடையதுதான்" என்றாள்.