சிகரட் அட்டையிற் கடற்படை

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து நோக்குவார்க்கு வடக்கே திருகோணமலைத் துறைமுகம் தோன்றும். அத்துறையில் நெடுங்காலம் உலவிய ஆங்கிலக் கடற்படையினனை, நேரிற் காணாதவரும் சிகரட் பெட்டியிற் கண்டிருப்பர். பிளேயர்ஸ் 'நேவி கட்' பெட்டியின்மீது, உயிர்காப்பு வளையத்தினுள்ளே தாடியுடன் விளங்குபவன் அவனே. அவன் தொப்பிப் பட்டியில் 'ஹீரோ' என்று பொறித்திருக்கும். கப்பலின் பெயரெனினும் கொள்க, வீரப்பட்டமெனினும் கொள்க.

பெட்டிக்குள் இட்ட சிற்றட்டை, முதலிற் சிகரட் நசுங்காமற் காக்கும் தாங்கலே. பின்னர் அதிற் சீருடைகளும் போர்க்கப்பல்களும் ஏறின. தொகுதி நிறையும்வரை புகைப்பவர் அதே சிகரட்டை வாங்கினர். பிள்ளைகள் அட்டைகளைச் சேர்த்தனர். 1915இல் வில்ஸ் நிறுவனம் படைக்கு ஆள்சேர்க்கும் சுவரொட்டிகளையே அட்டைகளாக்கியது. வாட்டர்லூப் போரின் நூற்றாண்டும் அவ்வாண்டே. அதற்கென ஆயத்தஞ்செய்த தொகுதியையோ அந்நிறுவனம் வெளியிடாது நிறுத்திக்கொண்டது. வாட்டர்லூவில் தோற்ற பிரெஞ்சுக்காரர் இப்பொழுது தோழராயினர் அன்றோ! வீரத்தையும் விலைபோகும் அளவிற்கே நினைவுகூர்ந்தனர்.

1940இல், போர்க்காலக் கடதாசித் தட்டுப்பாட்டினால், பிரித்தானியாவில் இவ்வட்டைகள் நின்றுபோயின. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டுமாரி பொழிந்தன. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை வரைதற்கு அப்பொழுது அட்டை இல்லை. இருந்திருப்பினும் வரைந்திருக்கமாட்டார்கள். கப்பல் இன்றும் அக்கடலடியிற் கிடக்கின்றது. சுழியோடிகள் இறங்கிப் பார்த்து மீளுகின்றனர்.