வீடு வாங்குமுன்

'கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை' என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் கட்டி முடித்த வீட்டில் குறை காண்பது எளிது என்பது அதன் கருத்து. ஆனால் அவ்வெட்டு வக்கணையையும் விலை கொடுப்பதற்கு முன்பே சொல்லிப் பார்ப்பவர் சிலரே. பணம் கைமாறிய பின்னர் காணும் குறைக்கு மருந்து இல்லை.

பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ வசதி முதலியவற்றை உத்தேசித்து, அருகிலுள்ள சிறு பட்டணத்தில் ஓர் எளிய வீட்டை வாங்கும் வழக்கம் விவசாயக் குடும்பங்களிடையே பெருகி வருகிறது. இதற்கென விற்கப்படுவது பெரும்பாலும் முன்னோர் தேடிய நிலமோ, வீட்டுப் பெண்களின் நகையோ ஆகும். ஆகவே இவ்விஷயத்தில் சிறு கவனக்குறைவும் குடும்பத்தையே ஆட்டிவிடக் கூடியது.

நம் வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஒரு விவசாயி ஓர் ஏக்கர் நஞ்சையை விற்று, பக்கத்துப் பட்டணத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவர். வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுகளுக்கு எவ்விதப் பற்றும் இல்லை. பட்டா அவர்களுடைய காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருந்தது. எல்லாம் சரியென்றே தோன்றியது. இரண்டாண்டு கழித்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர்களுடைய சகோதரி தமது மூன்றில் ஒரு பங்கைக் கோரி வழக்குத் தொடர்ந்தார். தந்தை உயில் எழுதி வைக்கவில்லை. தாயும் முன்பே காலமாகிவிட்டார். ஆதலால் சகோதரியின் உரிமை நியாயமானதே. முடிவில் வாங்கியவர் கடன்பட்டு அப்பங்கிற்கும் விலை கொடுத்தார். ஒரே வீட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு இருமுறை விலை கொடுத்த கதையாயிற்று.

வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை. பதிவாகிய பத்திரங்களை மட்டுமே அது காட்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவு செய்யப்படாத உயில், வாரிசுகளின் உரிமை, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை அதில் தோன்றாமற் போகலாம். ஆகையால் அதனோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்த்தல் இன்றியமையாதது.

முதலாவது, தாய்ப்பத்திரம். சொத்து யாரிடமிருந்து யாருக்கு, எவ்வழியில் வந்தது என்பதைச் சங்கிலிபோல் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போயிருப்பினும் காரணம் கேட்க வேண்டும். நகலைக் கண்டு திருப்தியடையாமல் அசலையே கையில் வாங்கிப் பார்ப்பது அவசியம். அசல் இல்லையெனில் அது எங்கேனும் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது, வாரிசுச் சான்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் சுயார்ஜித சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குள்ள உரிமையை 2005-ஆம் ஆண்டின் திருத்தம் நாடெங்கும் அளித்தது. நம் மாநிலத்தில் 1989-லேயே இதற்கு அடிகோலப்பட்டது. எனவே, 'பெண்ணுக்குச் சீர் செய்தாகிவிட்டது' என்னும் சொல்லை நம்பிக் கிரயம் பெறலாகாது. வாரிசுகள் அனைவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். மைனருடைய தனிச்சொத்தாயின், நீதிமன்றத்தின் முன்அனுமதி பெற்ற பின்னரே பாதுகாவலர் அதை விற்க இயலும்.

மூன்றாவது, வருவாய்த் துறை ஆவணங்கள். கிராமமாயின் பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றையும், நகர அளவை முடிந்த ஊராயின் வார்டு, பிளாக், நகர அளவை எண் குறித்த பதிவேட்டின் நகலையும் பெற வேண்டும். பழைய பத்திரத்திலுள்ள சர்வே எண்ணும் இன்றைய எண்ணும் வேறுபடுவது உண்டு. இரண்டும் ஒரே மனையைத்தான் குறிக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்க. வீட்டு வரி ரசீது வரி செலுத்தியதற்கு மட்டுமே சான்று; அது உரிமையை நிலைநாட்டாது.

அளவிலும் குழப்பம் நேர்வதுண்டு. பத்திரம் சென்டில் பேசும். பட்டா ஏரில் பேசும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். மூன்று சென்ட் மனை சுமார் 1,307 சதுர அடி, அல்லது 1.21 ஏர் ஆகும். கணக்கிட்டுப் பார்த்தபின், நாடாவைப் பிடித்து நான்கு எல்லைகளையும் நேரில் அளப்பது நன்று. பொதுச் சுவர், நடைபாதை உரிமை, கழிவுநீர் செல்லும் வழி ஆகியவற்றை அடுத்த வீட்டாரிடமே விசாரித்தறிய வேண்டும்.

இனி வீட்டைப் பற்றி. வெயிற்காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடே. இயன்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை சென்று பார்ப்பது உத்தமம். தெருநீர் வாசலுக்குள் வருகிறதா, ஓட்டில் ஒழுக்கு உண்டா என்பன அப்பொழுது தாமே விளங்கும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருப்பது ஈரம் ஏறுவதன் அடையாளம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகன்ற பிளவு, அஸ்திவாரம் இறங்கியதைக் குறிக்கலாம். உத்திரத்தையும் கைமரங்களையும் கோலால் தட்டினால், கறையான் அரித்த இடம் பொள்ளென்று ஒலிக்கும். விற்பனைக்கு முன் அடித்த புதுச் சுண்ணாம்பு பல குறைகளை மறைக்கும். நம்பிக்கையான கொத்தனார் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, பழுது பார்க்கும் செலவை மதிப்பிட்டு, அதையும் விலையோடு கூட்டியே முடிவு செய்க.

பத்திரச் செலவை மறந்துவிட்டுப் பின்னர் திகைப்போர் பலர். தற்போது கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். பத்து லட்சம் மதிப்புள்ள வீட்டிற்கு இவை 90,000 ரூபாய் ஆகும். பேசிய விலையைவிட அரசின் வழிகாட்டி மதிப்பு மிகுதியாயிருப்பின், கணக்கு அதன்மேல் செல்லும். பத்து லட்சத்திற்கு மேற்படாத சொத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைக்கும் சலுகை 1-4-2025 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நிபந்தனைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிக. முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்து, தொகையை வங்கி மூலமே செலுத்துவது பிற்காலத்தில் கைகொடுக்கும். கிரயம் முடிந்ததும் பட்டா மாற்றத்தையும் வரிப்பதிவு மாற்றத்தையும் தள்ளிப்போடலாகாது.

நிறைவாக, பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே கூறிய வழக்கு முடிந்தபின், விற்றவர்களின் குடும்பத்தை நன்கறிந்த முதிய அங்கத்தினர் ஒருவரைச் சந்தித்தோம். அந்தச் சகோதரியின் கலியாணப் பந்தலில் தாமே இலை போட்டதாக அவர் சொன்னார். "பிறகு ஏன் ஐயா, வாங்குகிறவரிடம் சொல்லவில்லை?" என்றோம். "என்னை ஒருவரும் கேட்கவில்லையே, ஐயா" என்றார்.

அவர்மீது குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் சான்றுகளில் எழுதப்படாத பல உண்மைகள் ஊர்ப் பெரியவர்களின் நினைவிலேயே உள்ளன. வீடு வாங்குவோர் கூசாமல் அவர்களைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். ஒரு வீடு விலைபேசப்படுவது காதில் விழுந்தால், கேட்கும்வரை காத்திராமல் பெரியவர்களும் தெரிந்ததைத் தெரிவிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் நிலமும் நகையும் அந்த ஒரு சொல்லால் காக்கப்படக்கூடும்.