நண்டு ஏறும் முன்பே சிரிப்பு

கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் பெண்ணுக்கு ஒன்பது மாதம். ராத்திரி வீடு திரும்பியதும் நண்டூருது விளையாடுவோம். என் விரல் முழங்கையைத் தாண்டுவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். அக்குளை நான் இன்னும் தொடவே இல்லை. அதே குழந்தை தன் காலைத் தானே பிடித்துக்கொண்டு உள்ளங்காலைச் சுரண்டுகிறாள், சிரிப்பே வருவதில்லை. ஏன்?”

நண்டூருது விளையாடாத தமிழ் வீடு குறைவு. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் சோறு பங்கிட்டு, கடைசியில் இரண்டு விரல்கள் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மேலே ஏறும். கைதேர்ந்த பாட்டிகள் ஒரே வேகத்தில் ஏற மாட்டார்கள். முழங்கை மடிப்பில் நிற்பார்கள். குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு விரல் பின்வாங்கும். அப்புறம் சட்டென்று அக்குள். நண்டு எங்கே போய்ச் சேரும் என்பது குழந்தைக்குத் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. வாசகியின் கேள்விக்கான விடை அந்த ‘எப்போது’க்குள் இருக்கிறது.

தன்னைத் தானே சுரண்டிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். கையை அசைக்கும்படி மூளை தசைகளுக்கு உத்தரவு போடும்போது, அந்த உத்தரவின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. இந்த அசைவால் தோலில் எந்த இடத்தில், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தம் விழும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. தோலிலிருந்து வரும் செய்தி கணக்கோடு பொருந்தினால், தொடுவுணர்வைப் பதிவுசெய்யும் புறணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சாரா ஜெயின் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் மூவரும் 1998-இல் இதை ஸ்கேன் கருவிக்குள் பார்த்தார்கள். பிறர் வருடும்போது சுறுசுறுப்பாக இருந்த பகுதிகள், அதே வருடலை அவரவரே செய்துகொண்டபோது அடங்கின. ஸ்கேனுக்குள் படுத்தவர்கள் ஆறே பேர். அந்த ஒரு சோதனையோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த ஆண்டு செய்ததுதான் அழகு. இரண்டு ரோபோ கைகள். ஒன்றை நீங்கள் ஒரு கையால் அசைக்கிறீர்கள். மற்றது நுனியில் ஒட்டிய பஞ்சுத் துண்டால் உங்கள் இன்னொரு உள்ளங்கையை வருடுகிறது. அசைத்த அதே கணத்தில் வருடினால் கூச்சம் குறைவு. இப்போது நடுவில் கம்ப்யூட்டரை வைத்து வருடலைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறார்கள்: 100 மில்லிசெகண்ட், பிறகு 200. வருடுவது இன்னமும் உங்கள் கைதான், உத்தரவும் உங்களுடையதுதான். ஆனாலும் 200 மில்லிசெகண்டை எட்டும்வரை கூச்சம் படிப்படியாக ஏறியது. தாமதத்தை நீக்கிவிட்டு, கை போகும் திசையிலிருந்து வருடலைத் திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். 90 டிகிரி வரை திருப்பத் திருப்பக் கூச்சம் கூடியது.

தங்கவயல் பெரியவர்களுக்கு இதைச் சங்கை வைத்துச் சொல்லலாம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும். பக்கத்து லைன் வீட்டில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். அந்தச் சங்கு ஒரு நாள் பத்து நிமிடம் தள்ளி ஊதினால்? அதே சத்தம்தான், ஆனாலும் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவார். மாரிகுப்பம் பக்கமிருந்து வர வேண்டிய சத்தம் எதிர்த்திசையிலிருந்து வந்தாலும் எழுவார். தாமதமும் திசைமாற்றமும், லண்டனில் செய்த அதே இரண்டு சோதனைகள். இன்னும் ஒரு படி போகலாம்: சங்கை ஊதுகிறவரே அவர்தான் என்றால், கயிற்றில் கை வைக்கும் முன்பே காது அதற்குத் தயாராகியிருக்கும். இந்த இடத்தில் உவமை ஒரு விஷயத்தில் இடறுகிறது. சங்கு பழகிப் பழகித்தான் காதில் விழாமல் போகிறது. சிறுமூளைக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. நீங்கள் இதுவரை தொட்டே இராத இடத்தை இன்று முதல்முறையாகத் தொட்டாலும் அதன் கணக்கு தயாராக இருக்கும். பழக்கத்தைவிடப் பெரிய திறமை அது.

இந்தக் கணக்கு கூச்சத்தோடு முடிவதில்லை. 2003-இல் வோல்பர்ட் குழுவினர் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் விரலை மற்றவர் ஒரு சிறு கருவியால் அழுத்தச் சொன்னார்கள். வாங்கிய அழுத்தத்தை அதே அளவு திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் கூடியது. நான்கே திருப்பத்தில் தொடக்கத்தைப்போல மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். தான் கொடுக்கும் அழுத்தத்தை மூளை குறைத்து உணர்கிறது. வாங்கியதை முழுதாக உணர்கிறது. “நான் மெதுவாத்தான்மா அடிச்சேன், அவன்தான் ஓங்கி அடிச்சான்” என்று அண்ணன் தம்பி இருவரும் அழுதுகொண்டே சொல்வது, இருவருக்குமே உண்மை.

இனி தொடும் முன்பே வரும் சிரிப்பு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2000-இல் நடந்த ஆய்வில், கூச்சம் காட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தவர்களின் மூளையில், உண்மையிலேயே தொட்டால் விழித்துக்கொள்ளும் அதே தொடுவுணர்வுப் பகுதிகள் தொடுவதற்கு முன்பே விழித்திருந்தன. பெர்லினில் ஷிம்பே இஷியாமா, மைக்கேல் பிரெக்ட் இருவரும் 2016-இல் எலிகளிடம் இதை நரம்புச் செல் அளவில் காட்டினார்கள். வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டினால் எலி சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிடும். மனிதக் காதின் எல்லை 20. அப்போது துடிக்கும் நரம்புச் செல்கள், விளையாட்டாக ஆய்வாளரின் கையை எலி துரத்தும்போதும், யாரும் தொடாமலே துடித்தன. கோரமண்டல் குழந்தைக்கு நண்டு முழங்கையில் நிற்கும்போதே அக்குளில் பாதி வேலை நடந்து முடிந்துவிடுகிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். ஒன்பது மாதக் குழந்தையை வைத்து யாரும் எலக்ட்ரோடு செருகிப் பார்க்கப்போவதில்லை.

வரலாறு என்று பெரிதாக இல்லை. அரிஸ்டாட்டில் கூச்சத்தைப்பற்றி எழுதினார். 1872-இல் டார்வின், கூச்சமும் நகைச்சுவையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று கருதினார். இரண்டுக்கும் மனம் லேசாக இருக்க வேண்டும் என்றார். 1897-இல் ஸ்டான்லி ஹாலும் ஆர்தர் ஆலினும் எறும்பு ஊர்வது போன்ற மெல்லிய கூச்சத்தையும் சிரிக்கவைக்கும் அழுத்தமான கூச்சத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள்.

டார்வின் சொன்னதைப் பலரும் நூறாண்டுக்கு மேல் ஒத்துக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் கிறிஸ்டின் ஹாரிஸ், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 1997-இல் சோதித்துப் பார்த்தார்கள். நகைச்சுவைப் படம் காட்டிச் சிரிக்கவைத்துவிட்டு உடனே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு அதிகமாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று: கண்ணைக் கட்டி, உங்கள் உள்ளங்காலைச் சுரண்டப்போவது இயந்திரம் என்று சொன்னார்கள். உண்மையில் சுரண்டியது மேஜைக்கடியில் ஒளிந்திருந்த ஆள். மனிதர் சுரண்டுகிறார் என்று நம்பியபோது எவ்வளவு சிரித்தார்களோ அவ்வளவே, இயந்திரம் என்று நம்பியபோதும் சிரித்தார்கள். ஆகவே கிச்சுக்கிச்சுச் சிரிப்பு மகிழ்ச்சியின் அளவுகோல் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு நோயாளி தங்கவயலுக்கு அதிக தூரமில்லாத வேலூரில் இருந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 2003-இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவில் அவரைப்பற்றிச் சொன்னார். ஊசியால் குத்தினால் அந்த மனிதர் சிரிப்பார். வலி தெரிகிறது, ஆனால் சிரிப்புதான் வருகிறது என்பார். வலிச் செய்தியை வாங்கும் இன்சுலா என்ற பகுதியில் சேதம் இருந்தது. ராமச்சந்திரனின் விளக்கம்: ‘ஆபத்து’ என்று ஒரு பகுதி சொல்கிறது, பதற வேண்டிய பகுதிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, ஆபத்து பொய் என்று முடிவாகிறது, சிரிப்பு வருகிறது. கிச்சுக்கிச்சும் அப்படித்தான்: பெரிய உருவம் வயிற்றை நோக்கிப் பாய்ந்து வருகிறது, கடைசியில் மெல்லிய விரல்கள் மட்டும். எனக்குப் பிடித்த விளக்கம் இது. ஆனால் ஒரு நோயாளியிலிருந்து மனிதச் சிரிப்பு முழுவதற்கும் தாவுவது பெரிய தாவல் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய தாவலைப் பணம் போட்டுச் செய்தார்கள். எலிகளின் கீச்சொலியைச் சிரிப்போடு ஒப்பிட்டவர் யாக் பாங்க்செப். அவருடைய ஆய்வுகளின் வழியில், அதே கீச்சொலியைப் பயன்படுத்திச் சோதித்த ராபாஸ்டினெல் என்ற மருந்து மனச்சோர்வை விரட்டும் என்று பேசப்பட்டது. அதை உருவாக்கிய கம்பெனியை 2015-இல் அலர்கன் 560 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. 2019 மார்ச்சில் வெளியான மூன்று பெரிய மனிதச் சோதனைகளிலும் அது வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. ‘எலிக்குச் சிரிப்பு, மனிதனுக்கு நிம்மதி’ என்ற தலைப்பில் செய்தி வந்தால் இந்த ஆண்டை நினைவில் வைத்துப் படியுங்கள்.

பெர்லின் எலிகளிடம் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. பளிச்சென்ற வெளிச்சத்தில் உயரமான மேடையில் நிறுத்திவிட்டு அதே வயிற்றில் அதே போலக் கிச்சுக்கிச்சு மூட்டினால் அவை கீச்சிடவில்லை; நரம்புச் செல்களும் அடங்கிவிட்டன. பயந்த எலிக்குச் சிரிப்பு அடங்குகிறது. மனிதக் குழந்தைக்கு அப்படி அடங்குவதில்லை, மூச்சு முட்டும்போதும் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். விருந்தாளியாக வந்த மாமா “பாரு, எப்படிச் சிரிக்கிறான்!” என்று விடாமல் பிடித்திருப்பது எனக்குத் தாங்காது. சிரிப்பைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். குழந்தை உங்கள் கையைத் தள்ளினால் விட்டுவிட வேண்டும்; விட்டதும் திரும்ப நீட்டினால் மறுபடி விளையாடலாம்.

கடைசியாக, லண்டன் கணக்கின் மேல் பெர்லின்காரர்கள் 2022-இல் எழுப்பிய கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குப் பிறர் கிச்சுக்கிச்சு மூட்டும் அதே நேரத்தில் அவர் தன்னைத் தானே வேறொரு பக்கம் சுரண்டிக்கொண்டால், பிறர் தரும் கூச்சமும் குறைகிறது. நுணுக்கமான கணக்கு மட்டும்தான் காரணமென்றால் இது நடந்திருக்கக் கூடாது. தன் கை தன் உடம்பில் பட்டதுமே மூளை பொதுவாக ஒரு தடையைப் போடுகிறது என்பது அவர்கள் கட்சி. இரண்டில் எது சரியாக இருந்தாலும் மருத்துவர்களுக்குப் பழைய உபாயம் ஒன்று தெரியும். வயிற்றைத் தொட்டாலே நெளியும் நோயாளியின் கையை வாங்கி, அவர் வயிற்றின் மேல் வைத்து, அந்தக் கையோடு சேர்த்து அழுத்திப் பார்ப்பார்கள். நெளிவு நின்றுவிடும். வாசகி இன்று ராத்திரி குழந்தையின் இன்னொரு கையை எடுத்துத் தன் ‘நண்டின்’ மேல் வைத்துக்கொண்டு ஏறிப் பார்க்கலாம். என்ன நடந்தது என்று எழுதினால் மகிழ்வேன்.