ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற டயர் அளவு

மோட்டார் வண்டியின் எண்ணற்ற உறுப்புக்களுள் சாலையைத் தொடுவது டயர் ஒன்றே. எஞ்சினின் ஆற்றலும், பிரேக்கின் பிடியும், ஓட்டுபவர் கையிலுள்ள திருப்பு வளையத்தின் கட்டளையும் அதன் வழியாகவே சாலையைச் சென்றடைகின்றன. அத்தகைய உறுப்பின் அளவை ஆராயாது மாற்றுவது விளைவில் எஞ்சினை மாற்றுவதற்கு ஒப்பானது. செலவில் அதனினும் எளிது என்பதனாலேயே இத்தவறு மிகுதியாக நிகழ்கிறது. ஓட்டத்தின் இன்பத்தையே முதன்மையாகக் கருதி அமைக்கப்பெறும், எடை குறைந்த இருவர் அமரும் வண்டியைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 'விளையாட்டுக் கார்' என மொழிபெயர்த்தால் குழந்தைகளின் பொம்மை நினைவுக்கு வருகிறது. 'பந்தயக் கார்' என்பதோ வேறொரு வகையைச் சுட்டும். ஆதலால் ஸ்போர்ட்ஸ் கார் என்னும் வழக்குச் சொல்லையே இங்கு மேற்கொண்டுள்ளோம்.

எடுத்துக்காட்டாக ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 என்னும் வண்டியைக் கொள்வோம். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிக்காகோ நகரக் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்டப்பெற்றது. 2016-ஆம் ஆண்டில் பத்து லட்சமாவது வண்டி உருவாகியது. நம் நாட்டுச் சாலைகளில் இதனைக் காண்பது அரிது. எனினும் இதன் கணக்கு எவ்வண்டிக்கும் பொருந்தும். முதல் தலைமுறை வண்டியின் எடை ஏறத்தாழ 980 கிலோகிராம். அதன் நான்கு சக்கரங்களுக்கும் 185/60 ஆர் 14 82 எச் என்னும் ஒரே அளவுடைய டயர்கள் பொருத்தப்பெற்றன. இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் டயரைப் பற்றிய பாதிச் செய்தி தெரிந்ததாகும்.

முதலில் வரும் 185 என்பது டயரின் குறுக்கு வெட்டின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த 60 என்பது உயரமன்று. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு என்னும் விகிதம். அதாவது 111 மில்லிமீட்டர். இவ்விடத்தில் பலர் தடுமாறுகின்றனர். 60 என்பதை மாற்றாது அகலத்தை மட்டும் கூட்டினால் பக்கச்சுவரின் உயரமும் தானே கூடிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஆர்' என்னும் எழுத்து, டயரின் உள்ளிழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஆரைகளைப் போல நேராக ஓடுவதைக் குறிக்கும். இவ்வகை டயரை மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று, 1949-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு முற்பட்ட டயர்களில் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியீட்டில் மில்லிமீட்டரும் அங்குலமும் அருகருகே நிற்பது விந்தையே; அளவு முறைகள் வேறுபட்ட நாடுகளிடையே வணிகம் வளர்ந்ததன் தழும்பு அது எனலாம்.

82 என்பது சுமைக் குறியெண். அது நேரடியாகக் கிலோகிராம் அன்று. அட்டவணையில் பார்க்க 475 கிலோகிராம் எனக் கிடைக்கும். 'எச்' என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதன் அடையாளம். 'வி' எனில் 240. நான்கு டயர்கள் சேர்ந்து 1,900 கிலோகிராம் தாங்குமெனில், 980 கிலோகிராம் வண்டிக்கு இவ்வளவு எதற்கு என மாணவர் வினவக்கூடும். நியாயமான வினாவே. வண்டி வளைவில் விரைந்து திரும்புங்கால் உட்புறச் சக்கரங்களின் சுமை குறைந்து, அது வெளிப்புறச் சக்கரங்கள் மீது ஏறுகிறது. பிரேக் பிடிக்கும்போது பின்புறச் சுமை முன்னே பாய்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தால் ஒரு டயரே தன் இயல்பான பங்கினும் பன்மடங்கு சுமக்க நேரும். ஆகவே சுமைக் குறியெண்ணையும் வேக எழுத்தையும் தொழிற்சாலை குறித்ததற்குக் கீழே இறக்கலாகாது. மேலே ஏற்றுவதில் தடையில்லை.

இனி மாற்றத்தின் கணக்குக்கு வருவோம். இன்று 14 அங்குல ரிம்முக்குரிய விரைவு ஓட்ட டயர்களில் வகைகள் குறைந்துவிட்டன. ஆதலால் இவ்வண்டியை உடையோர் பலர் 15 அங்குல ரிம்முக்கு மாறுகின்றனர். அப்போது எந்த அளவைத் தேர்வது? டயரின் மொத்த விட்டம் மாறாதிருக்க வேண்டும் என்பதே முதல் விதி. 14 அங்குலம் என்பது 355.6 மில்லிமீட்டர். அதனுடன் மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்கள், அதாவது 222 மில்லிமீட்டர் கூட்டினால் 577.6 கிடைக்கும். 195/50 ஆர் 15 என்னும் டயரைக் கணக்கிடுவோம்: 381-உடன் 195 கூட்ட 576. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அகலம் 10 மில்லிமீட்டர் கூடியும், ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும், பக்கச்சுவர் 97.5 மில்லிமீட்டராகக் குறுகியமையால் விட்டம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இவ்வண்டிக்கு 195/50 ஆர் 15 பெரிதும் விரும்பப்படுவதன் காரணம் இதுவே.

கடைக்காரர் 50-க்குப் பதில் 55 இருக்கிறது, ஐந்துதானே வேறுபாடு என்று கூறி மற்றொன்றை நீட்டலாம். 195/55 ஆர் 15-இன் விட்டம் 595.5 மில்லிமீட்டர், மூலத்தினும் நூற்றுக்கு 3.1 பங்கு மிகுதி. கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாடு மூன்று இடங்களில் வெளிப்படும். வேகமானி சக்கரத்தின் சுற்றுக்களையே எண்ணுகிறது. அது அறிந்த சுற்றளவு பழைய டயருக்குரியது. ஆகவே அது 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டியின் வேகம் அது பழைய டயரில் இருந்திருக்கக் கூடியதைவிட 3.1 பங்கு மிகுதியாயிருக்கும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்பது ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் ஒழுங்குமுறை. மிகைப்படுத்திக் காட்டுவதற்கு மட்டும் ஓரளவு இடமுண்டு. உற்பத்தியாளர் விட்டுவைத்த அந்த இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது. இரண்டாவதாக, அச்சு தரும் திருப்பு விசை நீண்ட ஆரத்தின் முனையில் செயற்படுவதால் சாலையைத் தள்ளும் விசை குறைகிறது; வண்டி மந்தமாகப் புறப்படும். பிரேக்கின் நிலையும் அதுவே. மூன்றாவது, முழுவதும் திருப்பிய நிலையிலோ குழியில் இறங்கும்போதோ டயர் மட்கார்டின் உட்புறத்தில் உராயக்கூடும். இம்மூன்றில் கடைசியானது மட்டுமே ஓசை எழுப்பி எச்சரிக்கும்.

அகலமான டயர் சாலையை மிகுதியாகத் தொடும், ஆதலால் மிகுதியாகப் பிடிக்கும் என்னும் எண்ணம் படித்தவரிடையேயும் வேரூன்றியுள்ளது. இதனைச் சற்று நின்று ஆராய்வது தகும். இருவர் அமர்ந்த நிலையில் வண்டியின் எடை 1,120 கிலோகிராம் எனக் கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 280. தொழிற்சாலை குறித்த காற்றழுத்தம் 26 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.83 கிலோகிராம். 280-ஐ 1.83-ஆல் வகுத்தால் சுமார் 153 சதுர சென்டிமீட்டர். பக்கச்சுவரின் விறைப்பு சிறிது சுமையைத் தாங்குவதை இங்கு விட்டுவிட்டோம். ஆயினும் கணக்கு உண்மைக்கு அருகிலேயே நிற்கும். நமது அஞ்சலட்டை 14-க்கு 9 சென்டிமீட்டர், அதாவது 126 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டையினும் சற்றே பெரிய நான்கு திட்டுக்களின் மீதே முழு வண்டியும் விரைகிறது! இக்கணக்கில் டயரின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க. எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை தொடுபரப்பும் பெரிதாக மாறாது. அகலம் கூடினால் நீளம் குறையும்.

அங்ஙனமாயின் அகல டயரால் பயனே இல்லையா? உண்டு. அகன்று குறுகிய தொடுபரப்பு, வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்குகையில் குறைவாக முறுக்குறுகிறது. ஆதலால் திருப்பு வளையத்தின் அசைவுக்கு வண்டி விரைந்து இணங்கும். உராய்வின் வெப்பமும் பரவலான ரப்பரில் பகிரப்படும்; ஆகவே மென்மையான, பிடிப்பு மிக்க ரப்பரைப் பயன்படுத்த முடியும். ஆனால் இவை உலர்ந்த சாலைக்குரிய நன்மைகள். சக்கரத்தின் எடை ஏறுவதும், மேடுபள்ளங்களின் அதிர்ச்சி உடலுக்கு எட்டுவதும், பக்கச்சுவர் குறுகியதால் குழியில் ரிம் நெளிவதும் இதற்குத் தரும் விலை. எம்.எக்ஸ்-5-இன் நான்காம் தலைமுறை 2015-இல் வெளிவந்தபோது, அதன் எளிய வகைக்கு நிறுவனம் தேர்ந்தது 195/50 ஆர் 16. கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் அகலத்தில் பத்தே மில்லிமீட்டர் கூட்டியுள்ளனர். அகலத்தை வீரமாகக் கருதும் இளைஞருக்கு இதனைக் காட்டலாம்.

மழைச் சாலையில் நிலைமை தலைகீழாகும். தேங்கிய நீரை டயர் தன் பள்ளங்கள் வழியே வெளியேற்ற வேண்டும். வேகம் மிகும்போது நீர் விலக நேரமின்றி, டயரின் கீழ் ஆப்பு போல நுழைந்து அதனைத் தூக்கிவிடும். அந்நிலையில் திருப்பினும் திரும்பாது; பிரேக் பிடிப்பினும் நில்லாது. அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1963-இல் ஓர் எளிய தொடர்பை வெளியிட்டனர். நீரின் ஆழம் பள்ளங்களின் ஆழத்தை விஞ்சுமிடத்து, காற்றழுத்தத்தைப் பவுண்டில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தைச் சுமார் 16.6-ஆல் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 26 பவுண்டுக்கு இது ஏறக்குறைய 85. காற்று 20 பவுண்டாக இறங்கியிருப்பின் 74 கிலோமீட்டரிலேயே ஆபத்து. தொடுபரப்பின் வடிவத்துக்கும் இதில் பங்குண்டு எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின: அகன்று குறுகிய தொடுபரப்பு விரைவில் மிதக்கும். பட்டறைகளில் 'பட்டன்' எனப்படும் மேற்புறத் தடங்கள் தேய்ந்து மொட்டையானால் எந்நல்ல அளவும் பயன்படாது. கார்களுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என நமது மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. மழைக்காலத்தில் இரு மடங்கு இருப்பது நல்லது என்பது நம் கருத்து.

ரிம்மின் அகலத்தையும் மறத்தலாகாது. 195/50 ஆர் 15 டயருக்குரிய அளவு ரிம் 6 அங்குல அகலமுடையது. 5½ முதல் 7 வரை ஏற்கும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர்கள் புடைத்து, வளைவில் டயர் தள்ளாடும். அளவுக்கு மீறி அகன்ற ரிம்மில் அது நீட்டி இழுபட்டு, விளிம்பின் பிடி தளரும். அன்றியும், ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தொலைவு ஒவ்வொரு வண்டிக்கும் குறிக்கப்பெற்றிருக்கும். அது குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். கூடினால் உள்ளே சென்று தொங்கலமைப்பில் இடிக்கும்.

முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் பூட்டும் வழக்கமும் உண்டு. போர்ஷே 911 வண்டியின் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் அமைந்தது. பின்புறம் சுமை மிகுதியாதலால் அதன் பல மாதிரிகளில் பின் டயர்கள் முன்னவற்றினும் அகன்றவை. அது அவ்வண்டியின் எடைப் பகிர்வுக்கு விடையாகுமேயன்றி அழகுக்காக அன்று. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்த எம்.எக்ஸ்-5-இல் அதனைப் பின்பற்றினால், முன் சக்கரங்கள் முதலில் பிடி இழந்து வண்டி வளைவில் நேரே செல்ல முற்படும்.

நம் நாட்டில் சட்டமும் இடைநிற்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படுமாறு வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆகவே மாற்றத்துக்கு முன்னர், ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியுள்ள தகட்டையும் கையேட்டையும் பார்ப்பது முதற்கடன். டயரின் பக்கச்சுவரில் பொறித்த பெருமக் காற்றழுத்தத்தை அப்படியே நிரப்புவோரும் உளர். அது டயர் தாங்கும் எல்லையேயன்றி வண்டிக்குரிய அளவு அன்று. அதே பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பெற்றது எனப் பொருள். கடையில் நெடுங்காலம் கிடந்து இறுகிய ரப்பரைப் புதியதென விலை கொடுத்து வாங்காதிருக்க இது உதவும்.

பள்ளியில் கார் இல்லாவிடினும் சைக்கிள் இருக்கும். அதன் டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டித் தொலைவை மாணவர் அளக்கட்டும். பின்னர் ஒருவரை அமர்த்தி அவ்வாறே உருட்டி அளக்கட்டும். காற்றைச் சிறிது இறக்கி மூன்றாம் முறையும் அளக்கலாம். மூன்று அளவுகளும் ஒன்றாயிரா. சுமையால் டயர் அமுங்குவதால், உருண்ட தொலைவு விட்டத்தைக் கொண்டு கணக்கிட்ட சுற்றளவினும் சிறிது குறைவாகவே இருக்கும். மேலே நாம் 577.6 எனவும் 576 எனவும் கண்டவை சுமையற்ற டயரின் அளவுகள். இரு டயர்களை ஒப்பிடுவதற்கு அவை போதும், ஒரு கிலோமீட்டரில் எத்தனை சுற்று எனத் துல்லியமாகக் காண்பதற்கு உருட்டி அளந்த எண்ணே வேண்டும்.